தோ, வந்துட்டேன்

நன்றி சொல்லி வந்த ஒரு போனில்தான் அது தொடங்கியது.

"அரிண்ணா, மதாம் கமலவேணி பேசுனாங்க," என்றாள் தஹ்ஸீன், ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கிக்கொண்டே. "நேத்து மத்தியானம் நம்ம ஆளு வந்து கூடவே உக்காந்திருந்தாராம். தங்கமான புள்ளையாம். மெர்சி மெர்சின்னு சொல்லி மாளல அவங்களுக்கு. யாருண்ணா போனது?"

அரிகிருஷ்ணனின் விரல்கள் கீபோர்டின் மேலேயே நின்றுவிட்டன. நேற்று மதியம் யாரும் போகவில்லை. போயிருக்கவும் முடியாது.

"கலியமூர்த்தி அண்ணன் போயிருப்பாரு."

"அவரு நேத்து லீவுண்ணா. மச்சான் வீட்டு விசேஷம்."

"அப்ப வேற யாராவது..."

"வேற யாரு, வானத்துலேந்து எறங்கி வந்தாங்களா?" தஹ்ஸீன் சிரித்தாள். "நீங்களே போயிட்டு வந்துட்டு மறைக்கிறீங்க. புண்ணியத்தக்கூட திருட்டுத்தனமா செய்யிற ஆளு நீங்க."

அவனும் சிரித்து வைத்தான். காது மடல் சுட்டது. பாராட்டு என்பது சில நேரம் கன்னத்தில் விழும் அறையைவிட மோசமானது என்று அவனுக்கு அப்போது தெரிந்தது.

அந்த அலுவலகம் ஒரு கடையின் மாடியில் இருந்தது. கீழே கடைக்காரர் பாவா அத்தரும் தொப்பியும் தொழுகைப் பாயும் விற்றார். மேலே அவர் மகன் முதஸ்ஸிர் 'பக்கத்துணை' என்று ஓர் ஆப் நடத்தினான். பிள்ளைகள் பிரான்சுக்கோ பெங்களூருக்கோ போய்விட, வீட்டில் தனியாக இருக்கும் வயசானவர்களுக்கானது. மயக்கம், நெஞ்சுப் படபடப்பு, வெறும் பயம், எதுவானாலும் போனில் இருக்கும் பச்சை வட்டத்தை அமுக்கினால் போதும். ரிக்வெஸ்ட் மாடியில் இருக்கும் சர்வருக்கு வரும். தஹ்ஸீன் பார்ப்பாள், கலியமூர்த்தி வண்டியை எடுப்பார். "கலியமூர்த்தி புறப்பட்டுட்டாரு, தைரியமா இருங்க" என்று தஹ்ஸீனின் குரல் அங்கே போனில் பேசும். புரோகிராம் முழுவதும் அரி எழுதியது.

ஒரே ஒரு கோளாறு. புதுச்சேரியில் மதியம் என்பது தனி நேரம். வெள்ளைக்காரன் போய் எவ்வளவோ காலமாகியும் அவன் விட்டுப்போன மத்தியானத் தூக்கம் போகவில்லை. ஒரு மணிக்கு ஷட்டர்கள் இறங்கினால் நாலு மணி வரை தெருக்கள் கழுவிக் கவிழ்த்த பாத்திரம்போலக் கிடக்கும். பாவாவும் கடையை அடைப்பார். அடைக்கும்போது மெயின் சுவிட்சையும் இறக்குவார். எப்போதோ ஒரு மதியம் கடையில் ஒயர் பற்றிக்கொண்டதிலிருந்து வந்த வழக்கம் அது. மாடிக்கும் அதே மெயின்தான். யூ.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திப் பார்த்துவிட்டு உயிரை விடும், சர்வரும் கூடவே போகும். இதை முதஸ்ஸிரிடம் சொன்னபோது, "அத்தா கைய அந்த சுவிட்ச்சுலேந்து எடுக்கறதுக்குள்ள கடலையே மேட்டுப்பாளையத்துக்கு நகத்திடலாம்ப்பா," என்றான். சர்வரை வெளியே எங்காவது வைக்கலாம் என்றால் அதற்குச் செலவழிக்கவும் அவனுக்கு மனசில்லை. மதியத்தில் பட்டனை அமுக்கியவர்கள் 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற எழுத்தைப் பார்த்துப் பதறி, பிரான்சில் இருக்கும் பிள்ளைகளை எழுப்பினார்கள். பிள்ளைகள் முதஸ்ஸிரைத் திட்டினார்கள். முதஸ்ஸிர் அரியின் மேசைக்கு வந்து, "எப்பிடியாவது சமாளிப்பா," என்றான்.

அரி சமாளித்தான்.

புரோகிராம் மொழியோடு கூடவே வரும் ஆயத்தப் புரோகிராம் ஒன்று உண்டு, லைப்ரரி என்பார்கள். வெளியே ரிக்வெஸ்ட் அனுப்பி, பதில் வாங்கி வந்து கொடுப்பது அதன் வேலை. நேர்மையான வேலைக்காரன் மாதிரி அது. பதில் வந்தால் வந்தது என்னும், வராவிட்டால் வரவில்லை என்னும். அரி அதன் மேல் சொந்தமாகச் சில வரிகள் எழுதி அதற்குப் புதுப் பழக்கம் ஒன்றைக் கற்றுக்கொடுத்தான். மூன்று முறை கூப்பிட்டுப் பார்; மூன்றுக்கும் பதில் இல்லையென்றால், இல்லை என்று சொல்லாதே, நீயே ஒரு பதிலைச் சொல். அந்தப் புரோகிராம் துண்டுக்கு 'சமாளி' என்றே பெயர் வைத்தான். மூன்று என்ற எண்ணிக்கைகூட அவன் அம்மா சொன்னதுதான். சின்ன வயசில் அவள் எச்சரிப்பாள்: "உச்சி வேளையில வாசல்ல யாராவது கூப்ட்டா ஒடனே பதில் குடுக்காத. மூணாவது தபா கூப்ட்டாதான் மனுஷன்."

வயசானவர்கள் எழுத்தைப் படிக்கமாட்டார்கள் என்பதால் பதில் குரலாக இருக்கவேண்டும். அன்று தஹ்ஸீன் சாப்பிடப் போயிருந்தாள். அரி தானே போனை வாயருகே பிடித்து, வழக்கமாக வாயில் வரும் வாக்கியத்தைச் சொன்னான்.

"தோ, வந்துட்டேன்."

அவன் அம்மா நெல்லித்தோப்பில் தனியாக இருந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவன் லாஸ்பேட்டைக்குப் போய்விட்டான். ஒரே ஊர், பைக்கில் ஏறினால் ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடலாம். அம்மா போன் செய்யும்போதெல்லாம் அவன் இதையேதான் சொல்வான். தோ, வந்துட்டேம்மா. சொல்லிவிட்டுப் போகமாட்டான். சொன்னதே போனதுபோல ஆகிவிடும் அவனுக்கு.

'சமாளி'யிலும் அப்படித்தான் செய்தான். அது இரண்டு பாதி. உடனே பதில் சொல்வது ஒரு பாதி. ரிக்வெஸ்ட்டைப் பத்திரமாக வைத்திருந்து சர்வர் உயிர் வந்ததும் திரும்ப அனுப்புவது மறுபாதி. முதல் பாதியை எழுதினான். மறுபாதியை நாளைக்கு எழுதலாம் என்று விட்டான். ஆப் நன்றாக ஓடுவதாக எல்லோரும் சொன்னார்கள். எந்தப் பிள்ளையும் திட்டவில்லை. நாளை என்பது வரவேயில்லை.

ஆக, மதியத்தில் கமலவேணி அமுக்கிய பட்டன் எங்கும் போயிருக்காது. அவருடைய போனுக்குள்ளேயே அரியின் குரல் பதில் சொல்லிவிட்டு அடங்கியிருக்கும். அவ்வளவுதான் நடந்திருக்க முடியும்.

பிறகு யார் போய் உட்கார்ந்தது?

தஹ்ஸீனிடம் கேட்கலாம். ஆனால் கேட்டால், மதியத்தில் யாரும் கேட்பதே இல்லை என்பதையும் சொல்லவேண்டும்.

மறுநாள் ஷட்டர் இறங்கும் வேளையில், போனைச் சரிபார்க்கிறேன் என்ற சாக்கில் அவன் கமலவேணி வீட்டுக்குப் போனான். வாய்க்காலுக்கு அப்பால், மஞ்சள் சுவரும் பச்சை மரச் சட்டமிட்ட சன்னல்களுமாக நின்ற வீடு. சன்னல்கள் வெயிலுக்குச் சாத்தியிருந்தன, கூடம் கிணற்றடி மாதிரி இருண்டிருந்தது, யூகலிப்டஸ் தைலமும் பழைய மரமும் கலந்த வாசனைக்கு அடியில் வேறொன்று மெலிதாக மணந்தது, வெகுநேரம் ஓடி அணைந்த இயந்திரத்தின் மேல் காயும் தூசியைப் போல. சுவரில் பிரெஞ்சு ராணுவ உடுப்பில் அவர் கணவர். கட்டிலில் சாய்ந்திருந்த கமலவேணி கண்ணில் புரை விழுந்தவர். குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பினார்.

"மதாம், போன் பாக்க வந்தேன். பக்கத்துணைலேந்து."

அவர் காதைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "கொரல் அதேதான்," என்றார். "ஆனா நீ நெறைய பேசற."

"யாரு கொரல்?"

"வருவானே, அவன் கொரல். அவனுக்கு ஒரே வார்த்ததான் தெரியும். காப்பி குடிக்கிறியாடான்னா, தோ வந்துட்டேன். பேரு இன்னாடான்னா, தோ வந்துட்டேன். வந்து குந்திக்கினு வந்துட்டேன்னா இன்னாடா அர்த்தம்னு நான் சிரிச்சிட்டேன்." இப்போதும் சிரித்தார். "எங்க வூட்டுக்காரரும் அப்பிடித்தான். பட்டாளத்துலேந்து கடுதாசிக்குக் கடுதாசி, தோ வந்துட்டேன், தோ வந்துட்டேன்."

அரி கட்டிலருகே நகர்ந்தான். "எப்பலேந்து வர்றான் மதாம்?"

"கொஞ்ச நாளாத்தான். மொத தபா தெருக்கதவாண்ட நின்னான். அப்புறம் நடையில. முந்தாநாள்தான் உள்ள வந்து குந்தினான், தோ, அந்த நாக்காலில. அத நகத்தாத தம்பி. இன்னிக்கும் வருவான்."

சுவரோரம் ஒரு பிரம்பு நாற்காலி. அரி அதன் மேல் கை வைத்தான்.

சுட்டது. வெயில் படாத மூலையில், யாரும் உட்காராத நாற்காலி, நிறுத்தி வைத்த பைக்கின் இஞ்சினைப்போலச் சுட்டது.

கையை எடுத்துப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டான். இப்போது சொல்லவேண்டும். மதாம், அந்த வட்டத்தை அமுக்காதீங்க, மத்தியானத்துல அந்தப் பக்கம் யாரும் இல்ல, பேசறது என் குரல், அது பொய். வார்த்தைகள் வரிசையாக வந்து பல்லுக்குப் பின்னால் நின்றன.

"மத்தியானத்துல மட்டும் பட்டன அமுக்காதீங்க மதாம்."

"ஏம்ப்பா?"

"சும்மா... சார்ஜ் எறங்கிடும்."

"மத்தியானத்துலதாம்ப்பா பயம்," என்றார் அவர் மெதுவாக. "ராத்திரியில பக்கத்து வூட்டு டிவியாவது கேக்கும். மத்தியானத்துல ஊரே செத்தாப்ல கெடக்கு. அவன் கொரல் கேட்டாத்தான் எனக்குத் தூக்கம் வருது."

அவன் தலையை ஆட்டினான். அவர் கண்ணுக்கு அது தெரியாது என்பது நினைவுக்கு வந்து, "சரி மதாம்," என்றான். தெருவுக்கு வந்தபின்தான் கவனித்தான், அவருடைய போனை அவன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலம் வழக்கமான மருந்து மாத்திரையோடு போன கலியமூர்த்திதான் கண்டார்.

இரட்டை நாடியான அந்த மனிதர் படியேறி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்தபடி தஹ்ஸீனின் எதிரில் உட்கார்ந்துவிட்டார். "போயிட்டாங்கம்மா. தூக்கத்துல போனாப்லதான் இருந்துச்சு, முகமெல்லாம் சிரிப்பு. ஆனா..." அவர் அரியைப் பார்த்தார். "நாக்காலி செவுத்தோரம்தான தம்பி இருக்கும்? கட்டில ஒட்டிக் கெடந்துச்சு. அம்மா கைய நீட்டி அதும்மேல வெச்சாப்ல. ஒடம்பெல்லாம் ஜில்லுன்னு ஆயிடுச்சு. அந்த உள்ளங்கை ஒண்ணு மட்டும் சுடுது தம்பி. அடுப்புல காட்டுனாப்ல."

"ஆஸ்பத்திரில இத்தினி வருசம் இருந்தவரு நீங்களே இப்படிப் பேசலாமா?" என்றாள் தஹ்ஸீன். ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள். "நமக்கு ரிக்வெஸ்ட்டே வரலியே. வந்திருந்தா சர்வர் வந்ததும் காட்டியிருக்குமே. அரிண்ணா, வரலதானே?"

"வரல," என்றான் அரி.

அது உண்மை. உண்மையைச் சொல்லும்போது நாக்கு இப்படிக் கூசியதில்லை அவனுக்கு.

முதஸ்ஸிர் போனை நீட்டினான். பிரான்சிலிருந்து மூத்த மகன் எழுதியிருந்தார். கடைசி நாட்களில் அம்மா தனியாக இல்லை என்பதுதான் தங்களுக்கு ஆறுதல், வந்து கூட உட்கார்ந்த அந்தத் தம்பிக்குத் தங்கள் நன்றியைச் சொல்லவேண்டும். "யாருன்னு கேக்கறாங்க," என்றான் முதஸ்ஸிர். எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அரி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். திரையில் அவன் முகம் மங்கலாகத் தெரிந்தது. அதையும் பார்க்கமுடியாமல் குனிந்து, ஏற்கெனவே கட்டியிருந்த ஷூ கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

அன்றே 'சமாளி'யை அழித்தான். அழிப்பது சுலபமாக இருந்தது. லைப்ரரி பழையபடி தன் நேர்மைக்குத் திரும்பியது. புது ஆப் எல்லாருடைய போனுக்கும் போய்ச் சேர்ந்தது. யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. சொல்லாமலே சரிசெய்துவிட்டதில் அவனுக்கு ஒரு கேவலமான நிம்மதி இருந்தது. சுவரில் எச்சில் துப்பியவனே இருட்டில் வந்து துடைத்துவிட்டுப் போவதுபோல.

ஒரு முறை சோதித்துப் பார்த்துவிட்டால் போதும்.

மறுநாள் மதியம் தஹ்ஸீன் சாப்பிடப் போனாள், முதஸ்ஸிர் தொழப் போனான். கீழே பாவா தொண்டையைச் செருமுவதும், ஷட்டர் பற்களைக் கடித்துக்கொண்டு இறங்குவதும், கடைசியாக மெயின் சுவிட்சின் 'டக்'கும் கேட்டன. மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்ந்தது. யூ.பி.எஸ். கத்தத் தொடங்கியது, அதன் கத்தல் நோயாளியின் விக்கல் மாதிரி இடைவெளி விட்டு விட்டு வந்து, நெருங்கி, ஒரே இழுப்பாக நீண்டு, நின்றது. சர்வரின் நீல விளக்கு அணைந்தது. அதன்பின் வந்த அமைதியில் மாடிப்படி வழியாகக் கீழ்க்கடையின் அத்தர் மணம் மட்டும் மேலேறி வந்தது. வெளியே ஊர் கண்ணை மூடிக்கொண்டுவிட்டது. ஒரு வண்டிச் சத்தம் இல்லை. காக்கைகூட இல்லை.

அரி சோதனைப் போனை எடுத்துப் பச்சை வட்டத்தை அமுக்கினான்.

வட்டம் சுழன்றது. நின்றது. 'தொடர்பு கிடைக்கவில்லை' என்ற எழுத்து வந்தது.

அவன் மூச்சை விட்டான். அப்படியே, எழுதியபடியே, ஒழுங்காக. நாற்காலியில் சாய்ந்தான்.

"தோ, வந்துட்டேன்."

போனிலிருந்து வரவில்லை. படிக்கட்டின் அடியிலிருந்து வந்தது.

அவனுடைய குரல். ரெக்கார்ட் செய்த அன்று அவனுக்கு லேசாக ஜலதோஷம். அந்த மூக்கடைப்பும் இருந்தது.

அவன் எழுந்திருக்கவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். படிக்கட்டு இருண்டு இறங்கி, அடியில் தெருக்கதவில் முடிந்தது. கதவுக்கும் வாசற்கல்லுக்கும் நடுவில் வெயில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. அந்தக் கோட்டில் இரண்டு இடத்தில் வெளிச்சம் இல்லை. இரண்டு பாதங்கள் நிற்கும் அகலத்துக்கு.

அத்தர் மணத்தைத் தள்ளிக்கொண்டு சூடான தூசியின் வாசனை மேலே வந்தது. எரியப்போகிற ஒயரின் வாசனை.

மொத தபா தெருக்கதவாண்ட நின்னான்.

அழித்தது புரோகிராமைத்தான். சொன்ன சொல்லை எங்கே போய் அழிப்பது? கூப்பிட்டவர்களுக்கெல்லாம் அவன் வாயால் வருகிறேன் என்று சொல்லியாகிவிட்டது. யாரோ அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவன் போகாத இடங்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெள்ளைக் கோடு முழுசானது.

போய்விட்டது.

எங்கே?

எல்லாருடைய போனுக்கும் புது ஆப் போய்விட்டது, ஒரே ஒரு போனைத் தவிர. அது வாடிக்கையாளர் போன் இல்லை. 'சமாளி' ஓடுகிறதா என்று பார்க்க முதன்முதலில் அவனே கையால் ஆப்பை ஏற்றிக் கொடுத்த போன். அவளுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, எதற்கு அமுக்கப்போகிறாள் என்று அப்படியே விட்டுவிட்ட போன்.

அம்மாவுடையது.

விரல் இரண்டு முறை வழுக்கியது. மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்தாள்.

"அம்மா! சாப்ட்டியா? எங்க இருக்க?"

அம்மா சிரித்தாள். "இன்னாடா இது வெளாட்டு? பக்கத்துல குந்திக்கினு போன் பண்ற."

அரி போனைக் காதோடு அழுத்தினான்.

"சன்னலெல்லாம் சாத்திட்டேன், இருட்டுல மூஞ்சி தெரியலன்னு இப்பிடி ஏமாத்துறியா?"

"அம்மா... நீ அந்த பட்டன அமுக்குனியா? பச்சை பட்டன்?"

"தெனம் மத்தியானம் அமுக்கறேன். நீ போட்டுக் குடுத்த நாள்லேந்து. நான் போன் பண்ணா நீ எடுக்க மாட்ற, எடுத்தாலும் வேலையா கீறேன்ற. அது ஒண்ணுதான் ஒடனே பேசுது. ஒடம்புக்கு ஒண்ணுமில்லப்பா, சொம்மா, ஒன் கொரலு கேக்கலாம்னு." குரலைத் தாழ்த்திக்கொண்டாள், வெட்கப்படுகிறவள்போல. "நீ நெசமாவே வருவேன்னு நான் நெனைக்கல கண்ணு. மொதல்ல வாசல்லியே நின்னுட்டுப் போயிடுவ. இப்பதான் மனசு வந்து உள்ள வர."

"அம்மா, எழுந்து வெளிய வா. இப்பவே வா. நான் தோ..."

வாக்கியம் பாதியில் நின்றது. மீதியைச் சொல்ல அவனால் முடியவில்லை. அதை அங்கே வேறொருவர் சொல்லி முடித்தது போனில் தெளிவாகக் கேட்டது.

"ஏம்ப்பா," என்றாள் அம்மா, அவனிடம் அல்ல. "கை இன்னா இப்பிடி சுடுது? ஜொரமா?"

இணைப்பு அறுந்தது.

படிகளில் எப்படி இறங்கினான் என்பது தெரியாது. கதவைத் திறந்தபோது வெயில் கண்ணில் அறைந்தது. வாசற்கல் வெறுமையாக இருந்தது. பைக்கை உதைத்தான். இறங்கிய ஷட்டர்கள், பூட்டிய கதவுகள், சாத்திய சன்னல்கள், நிழலில் கால் நீட்டிய ஒரு நாய். எந்த முகமும் இல்லை. பகல் இவ்வளவு வெளிச்சமாக இருக்கும்போது உதவி கேட்க ஓர் ஆள் இல்லாத ஊர். சிக்னல் விளக்குகள் யாருக்கோ மாறிக்கொண்டிருந்தன. ஒரு பாட்டு முடிவதற்குள் போய்விடக்கூடிய தூரம்தான். என்றைக்குமே அவ்வளவுதான் தூரம். ஹெல்மெட்டுக்குள் அவன் அழுதுகொண்டிருந்தான், பயத்தால் மட்டும் அல்ல.

நெல்லித்தோப்புச் சந்து. கொடியில் அம்மாவின் சேலை அசையாமல் தொங்கியது. கதவு உள்ளே தாழிட்டிருந்தது. சன்னல்கள் சாத்தியிருந்தன. சாவித்துவாரம் வழியாகச் சூடான தூசியின் வாசனை வந்தது.

"அம்மா!"

பதில் இல்லை.

"அம்மா, நாந்தாம்மா!"

பதில் இல்லை. இருக்காது. உச்சி வேளை. மூணாவது தபா கூப்ட்டாதான் மனுஷன். அவள் படுத்திருக்கிறாள், கேட்கிறாள், எண்ணுகிறாள்.

"அம்மா!" என்றான் மூன்றாவது முறை. அழுகையில் அது அவன் குரலாகவே இல்லை.

உள்ளே கட்டில் முனகியது. அம்மாவின் குரல் தூக்கக் கலக்கமாக, நிறைவாக, அவன் வெகுநாளாகக் கேட்டிராத குரலாக வந்தது.

"தம்பி, யாரோ வாசல்ல கூப்புடறாங்க. போயி இன்னான்னு பாரு."

ஒரு நாற்காலி தரையில் உரசியது.

"தோ, வந்துட்டேன்."

காலடிகள். அவசரமில்லாத காலடிகள். கூடத்தைக் கடந்து. நெருங்கி. கதவுக்கு அந்தப் பக்கம் நின்றன. இருவருக்கும் நடுவில் ஒரு பலகையின் கனம். அந்தப் பக்கத்திலிருந்து மரம் சூடேறிவருவது நெற்றியில் தெரிந்தது.

தாழ்ப்பாள் அசைந்தது. மெல்ல விலகியது. கதவு உள்பக்கமாகத் திறக்கும் கதவு. ஒரு தள்ளு தள்ளினால் போதும், அவன் உள்ளே போய்விடலாம், அம்மாவின் கட்டில் நாலு எட்டில் இருக்கிறது.

கதவு உள்ளே நகரத் தொடங்கியது.

நின்றது.

ஏன் நிற்கிறது என்று அவன் குனிந்து பார்த்தான். அவனுடைய இரண்டு கைகளும் கதவின் இரும்பு வளையத்தைப் பிடித்திருந்தன. விரல் முட்டி வெளுக்க, தன் முழுப் பலத்தோடு வெளிப்பக்கமாக இழுத்து, கதவைத் திறக்கவிடாமல் மூடிப் பிடித்துக்கொண்டிருந்தன. வளையம் சுட்டது. விடச் சொன்னான். கைகள் விடவில்லை.

"யாருப்பா அது?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

 கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, இதுவரை சொல்லாத ஒன்றை, அவனுடைய குரலில், அவனைவிடப் பிரியமாக அது சொன்னது.

"யாரும் இல்லம்மா."